'கெட்' என்ற ஆங்கில வினையை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்துக் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நேர்முகத் தேர்வில் தயங்காமல் பேச வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்' போன்ற சொற்களைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் எந்நேரமும் புழங்குகிற 'கெட்' வந்தால் மட்டும் திணறிப்போகிறார்கள்.

அவர்கள் கையில் இருக்கும் பேச்சு ஆங்கிலக் கையேட்டைப் பார்த்தேன். 'கெட்' என்று போட்டு, அதற்குக் கீழே பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள், போய்ச் சேர், கொண்டு வா, பிடி, செய்வி என்று பட்டியல் நீள்கிறது. ஒரு மாணவி அதை மனப்பாடம் செய்துவிட்டு, 'அவள் டாக்டர் ஆனாள்' என்பதற்கு 'ஷி காட் எ டாக்டர்' என்று எழுதியிருக்கிறாள். பட்டியலில் 'ஆகு' இருக்கிறதே, ஏன் தவறு என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி.

இந்தச் சொல்லைப் பிடிக்க ஏதாவது ஒரு நூல்முனை இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கு நேராக ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் வேறு வினை வரும். பட்டியலை எத்தனை நீளமாக்கினாலும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகும்.

மேலவீதி எழுதியது:

கரிசல்மண் ஐயா, உங்கள் மாணவியின் வாக்கியமே நல்ல தொடக்கம். 'ஷி காட் எ டாக்டர்' என்பதை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் படித்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அவள் ஓடிப்போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள் என்றுதான் புரிந்துகொள்வார். இப்போது அதே 'ஷி காட்' என்ற தொடக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்து வரும் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

'ஷி காட் டயர்ட்' என்றால் அவள் களைத்துப் போனாள்.
'ஷி காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தாள்.
'ஷி காட் காட்' என்றால், இரண்டாவது 'காட்' பிடி என்ற வினையின் வடிவம், அவள் பிடிபட்டாள்.

வினை மாறவில்லை. பின்னால் வந்தது பெயர்ச்சொல்லா, பண்புச்சொல்லா, இடமா, இன்னொரு வினையின் மூன்றாம் வடிவமா என்பதே பொருளை முடிவு செய்கிறது. பெயர்ச்சொல் வந்தால் அது கைக்கு வந்து சேர்கிறது. பண்பு வந்தால் அந்த நிலைக்கு நாம் போய்ச் சேர்கிறோம். இடம் வந்தால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சற்று முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்தல். ஆகவே பட்டியலை 'கெட்' என்ற தலைப்பின் கீழ் எழுதாமல், அதற்குப் பின்னால் வரும் சொல்வகையின் கீழ் எழுதச் சொல்லுங்கள். ஒன்பது பொருள் நான்கைந்து வடிவமாகச் சுருங்கிவிடும்.

உங்கள் மாணவிக்கு நேரடியான பதில் இதுதான். 'ஆகு' என்ற பொருள் பண்புச்சொல்லோடு மட்டும் வரும். பெயர்ச்சொல்லோடு வராது. கோபமாகலாம், இருட்டாகலாம், தயாராகலாம். அதற்கெல்லாம் 'கெட்' பொருந்தும். டாக்டர் ஆவதற்கும் ஆசிரியர் ஆவதற்கும் 'பிகம்' வேண்டும். பண்பிலும் சில இடங்களை வேறு வினைகள் பிடித்து வைத்திருக்கின்றன. பால் கெட்டுப் போனால் 'கோ பேட்', பார்வை போனால் 'கோ பிளைண்ட்', முகம் சிவந்தால் 'டர்ன் ரெட்'. இவற்றைக் கேட்டுப் பழகித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். 'ஐ வாஸ் மேரிட்' என்றால் 'எனக்குத் திருமணம் ஆகியிருந்தது'. 'ஐ காட் மேரிட்' என்றால் 'எனக்குத் திருமணம் நடந்தது'. முன்னது நிலை, பின்னது நிகழ்ச்சி. எந்த ஆண்டு திருமணம் ஆயிற்று என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் இரண்டாவதுதான் இயல்பான பதில்.

நூல்கண்டு எழுதியது:

நான் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறேன். எங்கள் பயிற்சி மையத்தில் 'கெட்' என்ற சொல்லே கட்டுரையில் வரக்கூடாது, வந்தால் மதிப்பெண் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க இதை இவ்வளவு சிரமப்பட்டுக் கற்க வேண்டுமா?

செவ்வந்தி எழுதியது:

நூல்கண்டு தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. கட்டுரையில் 'கிராமத்து மக்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை' என்று எழுதும்போது 'கெட்'டை விட 'ரிசீவ்' அல்லது 'ஹேவ் ஆக்ஸஸ் டு' பொருத்தமாக இருக்கும். ஒரே பத்தியில் ஐந்து இடத்தில் 'கெட்' வந்தால் சொல்வளம் போதவில்லை என்று திருத்துகிறவர் நினைப்பார்.

ஆனால் அதே தேர்வில் பேச்சுப் பகுதியும் கேட்புப் பகுதியும் இருக்கின்றனவே. 'எனக்குச் சளி பிடித்துவிட்டது' என்பதற்கு 'ஐ காட் எ கோல்ட்' என்று சொல்லாமல் 'ஐ ரிசீவ்டு எ கோல்ட்' என்று சொன்னால் கேட்கிறவர் நெற்றியைச் சுருக்குவார். நண்பரிடம் 'எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய்?' என்று கேட்க 'அரைவ் அட் யுவர் ரெசிடென்ஸ்' என்ற தொடர் எதற்கு? அது சம்மன் படிப்பது போல் இருக்கிறது. பேச்சில் 'கெட்' இல்லாத ஆங்கிலம் விறைத்துப்போன ஆங்கிலம்.

நம் ஊரில் எழுத்தாங்கிலத்தை மட்டும் கற்றுக்கொடுத்து அதையே பேசச் சொல்கிறோம். படித்த பிள்ளைகள் வாய் திறக்க அஞ்சுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. எழுதும்போது விலக்க வேண்டிய சொல் என்றால் விலக்குங்கள். கற்கவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பனைமரத்தடி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இடத்தோடு வரும் 'கெட்' பற்றி மேலவீதி ஐயா சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாமும் 'கெட் டவுன்' என்கிறோம், இந்தியாவிலும் அப்படியே சொல்கிறார்கள். தமிழில் 'இறங்கு' என்பதால் நமக்கு 'டவுன்' இயல்பாக வருகிறது. லண்டனில் போய் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் வழக்கு 'கெட் ஆஃப்'. அவர்களிடம் 'கெட் டவுன்' என்றால் மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்குவது, அல்லது ஆபத்து வரும்போது தலையைக் குனிந்து கீழே படுப்பது.

காருக்கு வந்தால் 'ஆஃப்' வராது. காரில் ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டி என்றால் 'இன்' என்று என் ஆசிரியர் சொல்லித் தந்தார். சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே ஏறி உட்காருவதால் 'ஆன்'.

இலங்கை ஆங்கிலத்தில் 'கெட் டவுன்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளையோ ஆளையோ வரவழைப்பதற்கும் அதைச் சொல்வோம். இந்தியாவிலிருந்து ஒரு சிற்பியைக் கோயில் வேலைக்கு அழைப்பித்தால் அவரை 'காட் டவுன்' என்போம். இங்கே இது படித்தவர்களும் சொல்லும் வழக்கு. பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வெளியூர்க்காரரிடம் சொல்லும்போது அவர் வேறு பொருள் கொள்வார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

அருமை. இந்த 'ஆன்', 'இன்' விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் மாணவர்களிடம் பார்க்கும் இன்னொரு பிழை 'கெட் டு ஹோம்'. ஊர்ப் பெயருக்கு 'டு' வேண்டும், 'கெட் டு மதுரை' சரி. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகியவற்றுக்கு 'டு' வேண்டாம். எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்கு என்பதில் உள்ள 'கு' உருபு அவர்களை 'டு' போட வைக்கிறது.

அடுத்த கேள்வி. 'காட்டன்' என்ற வடிவத்தை ஒரு மாணவன் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். எங்கள் பள்ளி இலக்கணத்தில் 'கெட், காட், காட்' என்றே இருக்கிறது. எது சரி?

வடகரை எழுதியது:

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இரண்டும் சரி. பிரிட்டனில் இன்று பொதுவாக மூன்றாம் வடிவமும் 'காட்'தான், நம் பள்ளிப் புத்தகம் அதைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 'காட்டன்' உயிரோடு இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் வராது. இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை.

'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்று இங்கே ஒருவர் சொன்னால் டிக்கெட் அவர் பையில் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் முயன்று வாங்கிவிட்டார், பெற்ற செயலைச் சொல்கிறார். அதாவது வைத்திருப்பதற்கு 'காட்', பெற்றதற்கும் ஆனதற்கும் 'காட்டன்'. குளிர் கூடிவிட்டது என்பதற்கு 'இட் ஹாஸ் காட்டன் கோல்ட்'. 'நான் போக வேண்டும்' என்பதற்கு ஒருபோதும் 'காட்டன்' வராது, 'ஐ ஹேவ் காட் டு கோ'தான். பிரிட்டிஷ் வழக்கில் ஒரே 'காட்' இரண்டு வேலையையும் பார்க்கிறது, இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க வழக்கு தெளிவானது என்று நினைக்கிறேன்.

பனைமரத்தடி எழுதியது:

'காட்டன்' அமெரிக்கர்கள் பின்னாளில் ஒட்டிக்கொண்ட வால் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

மேலவீதி எழுதியது:

அப்படி இல்லை நண்பரே. 'காட்டன்' பழைய வடிவம். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் இங்கிலாந்திலிருந்து எடுத்துப் போனது. அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், இங்கிலாந்து பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். காயீன் பிறந்தவுடன் ஏவாள் சொல்லும் சொல் 'ஐ ஹேவ் காட்டன் எ மேன்' என்று தொடங்குகிறது. அதே விவிலியத்தில் இறந்தகால வடிவமாக 'காட்'டோடு 'கேட்' என்பதும் வருகிறது. இங்கிலாந்தில்கூடக் தவறான வழியில் சேர்த்த பணத்தை 'இல்-காட்டன் கெய்ன்ஸ்' என்றே சொல்கிறார்கள். மறத்தல் என்ற வினையின் மூன்றாம் வடிவம் 'ஃபர்காட்டன்' என்று எல்லா நாட்டிலும் இருப்பதையும் கவனியுங்கள். அது இந்த வினையின் உடன்பிறப்பு.

அந்த வசனத்தைத் தமிழ் விவிலியத்தில் படித்தபோது நான் நின்றுவிட்டேன். 'கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்' என்று இருக்கிறது. 'பெறு' என்ற நம் சொல்லுக்குப் பொருளை அடைவது, பிள்ளையை ஈன்றெடுப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. 'கெட்' பிறந்த வேர்ச்சொல்லும் அப்படியே. ஸ்காண்டினேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கெத்தா' என்ற வினைக்கு அடைதல், பிள்ளை பெறுதல், ஊகித்தல் ஆகிய பொருள்கள் இருந்தன. 'பிகெட்' என்ற ஆங்கில வினையில் பிள்ளை பெறும் பொருள் இன்னும் நிற்கிறது. மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்சவரலாற்றில் 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் வருவது அதன் இறந்தகாலமான 'பிகேட்'. தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தில் சந்தித்திருக்கின்றன.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய காலம் தொட்டு வைக்கிங்குகள் இங்கிலாந்துக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்தார்கள். 'டேக்', 'ஸ்கின்', 'தே', 'தெம்' போன்றவை அவர்கள் தந்த சொற்கள். 'கெட்' சுமார் 1200-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தெரிகிறது. பழைய ஆங்கிலத்திலேயே அதன் உறவு வினை முன்னொட்டுகளோடு சேர்ந்து இருந்தது. 'ஆன்யெட்டன்' என்பதற்குப் புரிந்துகொள்ளுதல் என்று பொருள், 'ஃபோர்யெட்டன்' மறத்தல். அங்கே நடுவில் இருப்பது 'ய' ஒலி. நார்ஸ் மொழியின் தாக்கம் இல்லாமல் இருந்திருந்தால் இன்று இந்தச் சொல்லை 'யெட்' என்று உச்சரித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'கெட் இட்' என்றால் ஏன் 'புரிகிறது' என்ற பொருள் வருகிறது என்று யாராவது கேட்டால், புரிந்துகொள்வதும் ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான், மறப்பது பிடியை நழுவவிடுவது என்று சொல்லலாம்.

நூல்கண்டு எழுதியது:

இவ்வளவு பழைய சொல் ஏன் 'கெட்டட்' என்று ஒழுங்காக மாறவில்லை, ஐயா? மற்ற பல வினைகள் மாறிவிட்டனவே.

மேலவீதி எழுதியது:

அதிகம் பயன்படுவதால்தான். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் பத்து வினைகளை எடுத்தால் பத்தும் ஒழுங்கற்றவையே. தினமும் வாயில் வருகிற வடிவத்தைக் குழந்தை கேட்டுக் கேட்டே பதித்துக்கொள்கிறது, விதியைத் தேட வேண்டிய தேவை வருவதில்லை. அபூர்வமாக வரும் சொல்லின் பழைய வடிவம் நினைவில் தங்காது, அதனால் 'எட்' ஒட்டிக்கொள்ளும். உதவி என்ற பொருளுடைய 'ஹெல்ப்' வினைக்குக்கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்ற இறந்தகாலம் இருந்தது, மறைந்துவிட்டது. நம் மொழியிலும் 'வா – வந்தான்', 'தா – தந்தான்' என்று அன்றாட வினைகள்தான் விதியைச் சற்று மீறி நிற்கின்றன.

கரிசல்மண் எழுதியது:

நாளை வகுப்பில் 'ஹேவ் காட்' வருகிறது. 'ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்' என்று எழுதினால், இறந்தகால வடிவம் இருக்கிறதே, அண்ணன்மார் இப்போது இல்லையா என்று கேட்பார்கள். இதற்கு என்ன சொல்வது?

செவ்வந்தி எழுதியது:

தமிழிலேயே விடை இருக்கிறது. 'பணம் வைத்திருக்கிறேன்' என்கிறோம். 'வைத்து' என்பது முடிந்த செயல். 'இருக்கிறேன்' இப்போதைய நிலை. இரண்டும் சேர்ந்தால் பணம் இப்போது என்னிடம் உண்டு என்ற பொருள். வைத்த செயல் என்று நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. 'உட்கார்ந்திருக்கிறான்', 'படுத்திருக்கிறான்' எல்லாம் இதே அமைப்பு. 'ஹேவ் காட்' என்பதும் பெற்று முடித்ததால் இப்போது உடையவன் என்ற நிலையில் உறைந்துவிட்டது. வடிவம் பழையது, பொருள் நிகழ்காலம்.

உறைந்துபோனதால் அதைக் கடந்த காலத்துக்கு இழுக்க முடியாது. சிறு வயதில் என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது என்பதற்கு 'ஐ ஹேட் எ சைக்கிள்' போதும். 'ஹேட் காட்' வேண்டாம்.

உங்கள் மாணவர்கள் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல்கிறவர்களாக இருந்தால், 'ஐ ஹேவ் காட்' அவர்களுக்கு நல்ல மாற்று. 'இருக்கிறார்கள்' என்பதைப் பார்த்து 'இங்' போடும் பழக்கம் அதோடு விலகும்.

வடகரை எழுதியது:

செயப்பாட்டுப் பொருளில் வரும் 'கெட்' பற்றி மேலே ஒரு வரிதான் வந்தது. இங்கே பேச்சில் அது மிக அதிகம். வேலை போனது, காரில் அடிபட்டது, பதவி உயர்ந்தது எல்லாம் 'காட்' போட்டுத்தான் சொல்கிறார்கள். 'வாஸ்' போட்டுச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்பதை எனக்கே சொற்களில் வடிக்கத் தெரியவில்லை.

செவ்வந்தி எழுதியது:

எனக்கு மொழிபெயர்ப்பில் கைகொடுக்கும் வழியைச் சொல்கிறேன். 'வாஸ் காட்' என்றால் 'பிடிக்கப்பட்டான்'. 'காட் காட்' என்றால் 'பிடிபட்டான்'. முதலாவதில் பிடித்தவர்கள் பின்னால் நிற்பது தெரிகிறது, செய்தித்தாள் நடை. இரண்டாவதில் அவனுக்கு நேர்ந்தது மட்டும் தெரிகிறது. 'அடிக்கப்பட்டான்', 'அடிபட்டான்' என்பதும் அப்படியே. அதோடு 'திட்டு வாங்கினான்', 'அடி வாங்கினான்' என்ற நம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹி காட் ஸ்கோல்டட்' என்பதற்கு 'திட்டு வாங்கினான்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. இலக்கணப் புத்தகம் 'அவன் திட்டப்பட்டான்' என்று எழுதச் சொல்லும். அப்படிப் பேசுகிற தமிழரை நான் கண்டதில்லை.

பனைமரத்தடி எழுதியது:

சகோதரி சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் முழுமையாகப் பொருந்தாது. அடிபடு, பிடிபடு, திட்டு வாங்கு எல்லாம் தீமை. ஆங்கிலத்தில் 'ஹி காட் புரமோட்டட்' என்று நல்லதற்கும் சொல்கிறார்களே? 'படு' என்று கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டதற்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடுவார்கள்.

செவ்வந்தி எழுதியது:

உண்மைதான். நல்லதற்குத் தமிழில் 'கிடை' வந்துவிடும். 'பதவி உயர்வு கிடைத்தது', 'விருது கிடைத்தது'. ஆக, தீமை என்றால் 'படு' அல்லது 'வாங்கு', நன்மை என்றால் 'கிடை' என்று திருத்திக்கொள்கிறேன். இரண்டு பக்கத்திலும் அது எழுவாயைப் பாதிக்கிற நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். யாரையும் பாதிக்காத ஒன்றுக்கு, நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கோட்டை கட்டப்பட்டது என்பதற்கு, 'காட் பில்ட்' பொருந்தாது. 'வாஸ் பில்ட்'தான்.

மேலவீதி எழுதியது:

இந்த விளக்கத்துக்குப் பிறகு ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியில் 'ஐ காட் எ லெட்டர்' என்பதைக் கொடுத்து 'எ லெட்டர் வாஸ் காட் பை மீ' என்று மாற்ற வைக்கிறார்கள். ஆங்கிலம் பேசும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். பெறுதல் பொருளில் இந்த வினை செயப்பாட்டுக்கு அநேகமாக வளைவதே இல்லை. வேண்டுமானால் 'வாஸ் ரிசீவ்டு' என்று சொல்லை மாற்ற வேண்டும். இயந்திரம்போல் மாற்றுகிற பழக்கம் பிள்ளைகளின் காதைக் கெடுக்கிறது. காதால் கேட்டு வருவதுதான் மொழி. தயவுசெய்து உங்கள் வகுப்பில் இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

கட்டாயம் தவிர்க்கிறேன், ஐயா. செவ்வந்தி அம்மா 'வாங்கு' என்றதும் இன்னொரு இடம் நினைவுக்கு வந்தது. 'அவரிடம் கையெழுத்து வாங்கினேன்', 'ஆட்களிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும்' என்கிறோம். இது 'ஐ காட் ஹிம் டு சைன்' என்பதோடு சரியாகப் பொருந்துகிறது அல்லவா?

செவ்வந்தி எழுதியது:

மிகச் சரியாகப் பொருந்துகிறது. 'மேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தல், அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 'ஹேட் ஹிம் சைன்' என்றால் நம் பொறுப்பில் இருப்பவரிடம் சொன்னோம், போட்டார். 'காட் ஹிம் டு சைன்' என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தோம், கொஞ்சம் அலைந்திருப்போம். 'கெட்'டுக்கு மட்டும் 'டு' வேண்டும், மற்ற இரண்டுக்கும் கூடாது. மாணவர்கள் மூன்றிலும் 'டு' போட்டுவிடுவார்கள், கவனியுங்கள்.

ஆளுக்குப் பதிலாகப் பொருள் வந்தால் வினை மூன்றாம் வடிவத்துக்கு மாறும். 'ஐ காட் மை ஹேர் கட்'. தமிழில் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம், வெட்டியவர் சலூன்காரர் என்பது சொல்லாமலே விளங்குகிறது. அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்றால், கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரிக்கோலை எடுத்தீர்கள் என்று பொருள். வீடு கட்டியது, சட்டை தைத்தது, பல் பிடுங்கியது, வண்டி பழுது பார்த்தது எல்லாம் இதே கதை. 'நான் வீடு கட்டினேன்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஐ காட் எ ஹவுஸ் பில்ட்' என்றால்தான் கொத்தனாருக்கு இடம் இருக்கிறது.

பல் பிடுங்கிய வாக்கியத்தை வகுப்பில் கேளுங்கள். 'ஐ புல்டு அவுட் மை டூத்' என்று எழுதிய பிள்ளைக்கு அதன் பொருளை விளக்கினால் இந்த வடிவம் ஆயுளுக்கும் மறக்காது.

நூல்கண்டு எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். நேற்று ஒரு ஒலிப்பதிவில் 'ஐ காட் டு சீ தி மேனேஜர்' என்று வந்தது. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று விடை எழுதினேன், விடைத்தாளில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது என்று இருக்கிறது. 'காட் டு' என்றால் கட்டாயம் என்றுதானே வடகரை அண்ணா மேலே சொன்னார்?

வடகரை எழுதியது:

நான் சொன்னது 'ஹேவ் காட் டு'. முன்னால் 'ஹேவ்' இருந்தால் கட்டாயம், இனி நடக்க வேண்டியது. 'ஹேவ்' இல்லாமல் இறந்தகாலமாக வந்தால் வாய்ப்பு, நடந்து முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், வேகமாகப் பேசும்போது 'ஹேவ்' என்பது வெறும் 'வ்' ஆகச் சுருங்கும், சில வேளை அதுவும் விழுந்துவிடும். அப்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். பக்கத்தில் வரும் காலச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நேற்று' வந்தால் வாய்ப்பு. 'இப்போதே', 'நாளைக்குள்' வந்தால் கட்டாயம். 'ஃபைனலி' என்ற சொல் ஒட்டி வந்தாலும் பெரும்பாலும் வாய்ப்புதான். 'காட் டு' இரண்டும் ஒட்டி 'காட்டா' என்று ஒலித்தால் சந்தேகமே வேண்டாம், அது கட்டாயம்.

உங்கள் ஒலிப்பதிவில் அந்த வரிக்கு முன்னால் எந்தக் காலச்சொல் வந்தது என்று மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

நூல்கண்டு எழுதியது:

கேட்டேன், அண்ணா. 'ஆஃப்டர் டூ அவர்ஸ்' என்று முன்னால் இருக்கிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்து கடைசியில் பார்த்திருக்கிறார்.